பேரேட்டில் ஏறாத கடன்



ஒரு வெள்ளி கடன் கொடுத்தாலும் பேரேட்டில் எழுதுகிறோம், வாங்கினாலும் எழுதுகிறோம். ஆனால் எந்தப் பேரேட்டிலும் ஏறாத கடன் ஒன்று நம் கடை வாசலில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வேலை கேட்டு வருபவனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் நேரமே அது.

பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. குற்றவாளி நானே. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞன் ஈப்போவிலுள்ள என் கடைக்கு வேலை கேட்டு வந்தான். "நாளை வா, தம்பி" என்றேன். வந்தான். சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இரு" என்றேன். லுஹர் வரை நின்றான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அனுப்பினேன். மூன்றாம் முறை அவன் வந்தபோது, வேறோர் ஆளைச் சேர்த்து நான்கு நாளாகியிருந்தது. அவன் கோபிக்கவில்லை. "அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன், முதலாளி" என்று மட்டும் சொல்லிப் போனான். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அவனுடைய முன்னோர் காத்திருந்தே காலம் கழித்தவர்கள். கங்காணிகள் ஆள் சேர்த்த நாளில் நாகப்பட்டினத்து முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நாட்களை எண்ணினார்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. பிற்காலத்தில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. கங்காணி போய்விட்டார், காக்க வைக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் தங்கலாமா?

"வேலை வேண்டியவன் காத்திருக்கத்தானே வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஆளை விசாரியாமல் கல்லாவில் அமர்த்த முடியாதுதான். ஆனால் விசாரிப்பது வேறு, அலைய விடுவது வேறு. முன்னது நம் உரிமை. பின்னது அவன் உடைமையை எடுத்துக்கொள்வது.

இந்நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. அது வேலையில் சேர்ந்தவனுக்கு. வாசலில் நிற்பவனுக்கு நம் மனச்சாட்சியே சட்டம். கூலியாளின் வியர்வை காயுமுன் கூலி கொடுக்க வேண்டுமென்று மேடைதோறும் பேசுகிறோம். வேலை தேடி வெயிலில் நடந்தவனின் வியர்வையை நினைத்துப் பார்த்தோமா? காலத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அல்அஸ்ர் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதும் நாம், பிறர் காலத்தை மலிவாக எண்ணலாமா?

செய்ய வேண்டியது பெரிதல்ல. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் என்ன என்பதை அவன் பஸ் ஏறுமுன்பே சொல்லிவிடுவோம். வரச் சொன்ன நேரத்தில் நாம் கடையில் இருப்போம். இரண்டு நாள் வேலை செய்ய வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுப்போம். வேண்டாமென்று முடிவு செய்தால் அன்றே தெரிவிப்போம். கைபேசியில் ஒரு வரி போதும். "இல்லை" என்ற சொல் கசக்கும். ஆயினும் அது அவனுக்கு மறுநாளை மீட்டுத் தருகிறது.

பணக் கடனை என்றாவது அடைத்துவிடலாம். பிறரிடமிருந்து எடுத்த நேரத்தை எந்தச் செல்வந்தராலும் திருப்பித் தர இயலாது. அடைக்க முடியாத கடனை வாங்காதிருப்பதே நல்ல வணிகனுக்கு அழகு.