பாதி ஆண்டுகளின் காவிரி

காவிரி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 740 டி.எம்.சி. என்ற எண். 2007-இல் நடுவர் மன்றம் அந்தத் தண்ணீரைத்தான் பங்கு போட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: 50 சதவீத நம்பகம். நூறு வருஷத்தில் ஐம்பது வருஷம் அந்த அளவோ அதற்கு மேலோ நதியில் வரும். மிச்ச ஐம்பது வருஷம் வராது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குப் போவதைத் தவிர்க்க முடியாது என்று 4. கூட்டிப் பார்த்தால் சரியாக 740. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. மொத்தம் மாறவில்லை. கையிருப்பு என்று ஒரு சொட்டுகூட இல்லை.

நான் பார்க்கும் மென்பொருள் வேலையில், பாதி நாள் தாங்கினால் போதும் என்று யாராவது சர்வர் திட்டம் போட்டால் அன்றைக்கே சிரித்துவிடுவார்கள். மீதி நாளில் என்ன செய்வாய் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

காவிரித் தீர்ப்பில் அதற்கும் ஒரு பதில் உண்டு. தண்ணீர் குறைந்தால் எல்லோரும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெல்லுக்கு விகிதம் தெரியாது. பாதித் தண்ணீர் விட்டால் பாதி விளைச்சல் வரும் என்பதில்லை. பூக்கிற நேரத்தில் வயல் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். அதுவரை போட்ட விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் போச்சு. காகிதத்தில் எல்லோருக்கும் சமமான குறைப்பு, கடைமடைக்குப் போகும்போது ஒருவருடைய முழு இழப்பாகிவிடுகிறது.

இதைத் தமிழ்நாடு, கர்நாடகம் என்ற சண்டையாக மட்டும் பார்க்க முடியவில்லை. மண்டியாவில் கால்வாய்க் கடைசியில் இருப்பவருக்கும் இதே கதிதான். மேட்டூர் தண்ணீர் வந்து சேராத நாகப்பட்டினத்துக்காரருக்கும் அதேதான்.

மோசமான வருஷத்தை வைத்துத் திட்டம் போட்டால், நல்ல வருஷத்தில் நிலம் சும்மா கிடக்கும், தண்ணீர் கடலுக்குப் போகும் என்பார்கள். உண்மைதான். நான் பரப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. பஞ்ச வருஷத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்பதை விதைப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்கிறேன். ஜூன் மாதத்தில் "இந்த முறை நடவு வேண்டாம்" என்று கேட்டுப் பணம் கொடுப்பதும், செப்டம்பரில் பயிரோடு கைவிடுவதும் ஒன்றல்ல. முதலாவதில் அவரிடம் கேட்கிறோம். இரண்டாவதில் அவரைக் கேட்காமலேயே அவர் தலையில் கட்டுகிறோம்.

பணத்தை யார் கொடுப்பது? எந்த வருஷமும் முதலில் தண்ணீர் பெறுகிறவர்கள்தான். குடிநீருக்கு முன்னுரிமை இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முன்னுரிமையை வாங்கிக்கொள்கிறவர், அதற்காகப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவருக்குக் கடன்பட்டவர். பெங்களூரில் குழாயைத் திறக்கிறவருக்கு மட்டுமல்ல, காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தமிழ்நாட்டு ஊர்களுக்கும் இது பொருந்தும்.

2018 தீர்ப்பின் ஏற்பாடு 15 ஆண்டுகளுக்கு. 2033-இல் மறுபடி உட்காரும்போது யாருக்கு எத்தனை டி.எம்.சி. என்றுதான் பேச்சு தொடங்கும். வராத வருஷத்தின் நஷ்டம் யாருக்கு என்பதிலிருந்து அது தொடங்கினால் நல்லது.