நாய்க்குட்டியும் அணுவிரதமும்

அகிம்சையை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தார் நாய் வளர்க்கலாமா என்னும் வினா நம்மவர் இல்லங்களில் புதியதன்று. ஊனுண்ணும் உயிர்களை வளர்த்தலைப் பயனில் தீச்செயலாகிய அநர்த்ததண்டத்தின்பாற் படுத்தினர் ஆன்றோர். கார்த்திகேயாநுப்பிரேட்சை பூனை முதலியவற்றைப் பெயர் சுட்டியே விலக்குகிறது. நம் பெரியோர் வாயிலில் வந்து நிற்கும் நாய்க்குச் சோறிடுவர். படி தாண்ட விடார். நாமும் அவ்வழியே நின்றோம், சென்ற பங்குனியில் பேரன் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வரும் வரை.

அதன் தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. குட்டிக்கு இரண்டு மாதம் இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். விலைக்கு வாங்கலாமா என்று பேரன் கேட்டிருந்தால் மறுத்திருப்போம். விற்பனைக்கென்றே பெட்டை நாயை ஈற்றுக்குப்பின் ஈற்றாக ஈனச் செய்யும் வாணிகத்துக்கு நம் பணமும் துணைபோகும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டில் நடுவணரசு விதி செய்ய நேர்ந்தமையே அவ்வாணிகத்தின் இயல்பைக் காட்டும். இக்குட்டியோ முன்னமே பிறந்து, முன்னமே பசித்து நின்ற உயிர். அதனை மீண்டும் தெருவில் விடுவதை விரதம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வீட்டை ஆயத்தம் செய்தது ஒரு நாள் வேலை. மின்கம்பிகளை உயர்த்திக் கட்டினோம். கிணற்றடிக்குத் தட்டி வைத்தோம். மருந்துப் பெட்டி பரணேறிற்று. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்று மருத்துவர் சொன்னபோது, அவ்விரண்டும் என்றும் புகாத தம் அடுக்களையை எண்ணிப் பேரனின் பாட்டி பெருமிதம் கொண்டார். உலர்திராட்சையும் நஞ்சே என்றதும் அப்பெருமிதம் சற்றுக் குறைந்தது. தடுப்பூசிகளை அன்றே தொடங்கினோம். 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்றார். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

பயிற்சி என்று வந்தபோதுதான் நாம் பல்லாண்டு ஓதியும் ஊன்றிப் பாராத ஒரு சூத்திரம் நினைவுக்கு வந்தது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை உரைக்கிறார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இரத்தினகரண்டகமும் அதன் வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றைக் கூறும். ஏரில் பூட்டிய எருதுக்கும் வண்டிமாட்டுக்கும் சொன்னவை என்றே இவற்றைக் கடந்து போயிருந்தோம். நாய் பழக்குவோர் கையாளும் கொடுமைகளை ஒருவர் பட்டியலிட்டாலும் இவ்வைந்தே வரும். உறுப்பறுத்தலுக்குப் பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தியில் காதையும் மூக்கையுமே எடுத்துக்காட்டுகிறார். அழகுக்கென நாயின் செவியை நறுக்குவோர் இன்றும் உளர்.

முதல் இரவு குட்டியை முற்றத்துத் தூணில் கட்டினோம். விடியும்வரை அழுதது. விரும்பிய இடத்துக்குச் செல்லவொட்டாமல் தடுப்பதே கட்டு என்பது பூச்சியபாதர் உரை; தாயின் சூட்டை விட்டு வந்த குட்டிக்கு விரும்பிய இடம் யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. மறுநாள் கட்டிலருகே ஒரு பெட்டியில் பழந்துணி இட்டுப் படுக்க வைத்தோம், உறங்கிற்று. ஆயினும் கட்டே கூடாது என்று கொள்ள இயலுமோ? அதன் தாயைக் கொன்றது கட்டற்ற சாலை. தீப்பற்றினால் விடுவித்துக்கொண்டு தப்பும்படி விலங்கைத் தளர்வாகக் கட்டுக என்று பிற்காலச் சிராவகாசார ஆசிரியர் சிலர் விதித்துள்ளனர். உயிரின் காப்புக்காகக் கட்டுவது வேறு, நம் உறக்கத்துக்காகக் கட்டுவது வேறு. தெருவில் கயிறு, வீட்டில் இல்லை என்று வகுத்துக்கொண்டோம்.

உணவில்தான் பெரும் இடர். தயிர்ச்சோறே போதும் என்றிருந்தோம். மூன்று வாரம் கழித்து எடை பார்த்த மருத்துவர் முகம் சுளித்தார். வளரும் குட்டிக்கு இது போதாது, முட்டையாவது கொடுங்கள் என்றார். நம் இல்லத்தில் அது நுழையாது என்றோம். அப்படியாயின் குட்டியைப் பட்டினி போடுகிறீர்கள் என்றார் அவர். அச்சொல் சுட்டது. வயிறு நிரம்பச் சோறிட்டுக்கொண்டே உணவு தடுத்தல் என்னும் அதிசாரத்தில் நாம் நின்றோம்.

பூனை ஊனின்றி உடல் தரியாது. நாய் அவ்வாறன்று, மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் நாய்க்கு மிக்கிருத்தலை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டிற்று. ஆயினும் குட்டிக்கு மரக்கறி உணவு கண்ணளவில் இடத்தக்கதன்று. பருப்பு, சோயா, பன்னீர், எண்ணெய், சுண்ணச்சத்து, மீன் முட்டை இறைச்சியின்றிச் செய்த சத்துப்பொடி எனக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதித் தந்தார் அம்மருத்துவரே. மாதந்தோறும் எடை, ஆண்டுக்கொருமுறை இரத்தச் சோதனை. இவ்வளவு செய்ய ஒவ்வாதவர் குட்டியை இல்லத்துள் கொணராதிருப்பதே முறை என்பது நம் கருத்து. விரதம் நம்முடையது, அதன் விலையைக் குட்டி தன் எலும்பால் கொடுக்கலாகாது. இரவுணவு பற்றியும் வீட்டில் வழக்கெழுந்தது. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நாம் ஏற்றது, குட்டி ஏற்றதன்று என்று முடிவு செய்து இரவு 9 மணிக்கு ஒரு கைப்பிடி இட்டோம். பாட்டிக்கு இன்றளவும் இதில் உடன்பாடில்லை.

பழக்குதல் எளிதாகவே இருந்தது. உறங்கி எழுந்ததும், உண்டதும், ஆடி முடித்ததும் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு வாரத்தில் இடம் தெரிந்துகொள்கிறது. "உட்கார்" என்பதைப் பேரன் பன்னீர்த் துணுக்கு காட்டி மூன்றே நாளில் கற்பித்தான். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கற்பிப்பதும் மிகைபாரமே. பசிக்க வைத்துப் பழக்கினால் விரைவில் படியும் என்று அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்கவில்லை. மனமுடைய விலங்கு ஐந்தாம் குணத்தானமாகிய சிராவக நிலை வரை உயரவல்லது என்பது நம் ஆகமக் கொள்கை. பன்னீருக்காக அமர்ந்து நம் முகத்தையே நோக்கும் குட்டியைக் காணும்போது அது வெறும் ஏட்டுக் கொள்கையாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் எழுதும் தகுதி நமக்கு உண்டோ என்னும் ஐயம் எழக் காரணமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு காலை, பூசைக்கு வைத்த தேங்காய்த் தட்டில் குட்டி வாய் வைத்துவிட்டது. கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு அடி அடித்தோம். தாள்தானே என்று தேற்றிக்கொள்ளவும் முயன்றோம். அடித்தல் என்னும் அதிசாரத்துக்குக் கோல், சாட்டை, பிரம்பு முதலியவற்றால் அடிப்பது என்றே பூச்சியபாதர் பொருளுரைக்கிறார். 'முதலியவற்றால்' என்னும் சொல்லில் தாளும் அடங்கும். உணவைத் தீண்டியதற்காக அடிபட்டுக் கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐந்துபத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. அக்கதையைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாமே. அவன் ஒன்றும் பேசவில்லை. கட்டிலடியில் ஒடுங்கியிருந்த குட்டியின் அருகில் போய்ப் படுத்துக்கொண்டான்.

குட்டி அன்று மாலையே நம் காலடியில் வந்து படுத்தது. ஆயினும் காலையில் நாம் செய்தித்தாளை மடிக்கும் ஓசை கேட்டால் இன்றும் எழுந்து கட்டிலடிக்குச் செல்கிறது. இப்போது தாளைத் திண்ணையிலேயே படித்து, அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம்.