உள்பக்கத் தையல்



பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சி 2013 ஏப்ரலில் ஒரு தையல் போட்டியைத் தொடங்கியது. 'தி கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ' என்று பெயர். தையலைப் பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆசைக்குத் தைப்பவர்கள் மட்டும் வரலாம். முதல் ஆண்டு வென்றவர் ஆன் ரௌலி. அப்போது அவருக்கு வயது 81. 2023-இல் வென்ற அஸ்மா அல்-அல்லாக் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர்.

வாரம் தவறாமல் நான் பார்க்கிற நிகழ்ச்சி இது. ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்று. முதலில் எல்லாருக்கும் ஒரே பேட்டர்ன், ஒரே உடை. அடுத்ததில் பழைய துணிகளைக் கொடுத்து, அவற்றை வேறொரு உடையாக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம்தான் கெடு. மூன்றாவதில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். முடிவில் அந்த வாரத்தின் சிறந்த உடை எது என்று அறிவிப்பார்கள். ஒருவர் விடைபெற்றுப் போவார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவர்கள் துணியைத் திருப்பிப் பார்க்கிற இடம். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் விடமாட்டார்கள். உள்ளே புரட்டி, ஓரம் பிசிறில்லாமல் முடிந்திருக்கிறதா, ஜிப் வளையாமல் உட்கார்ந்திருக்கிறதா, கைக்குழியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். நடுவர் பாட்ரிக் கிரான்ட் லண்டன் சவில் ரோ வீதியில் பெயர்பெற்ற ஒரு தையலகத்தை நடத்தியவர். பிறகு பிளாக்பர்ன் நகரில், ஒரு காலத்தில் ராணுவத்துக்கு உடை தைத்த பழைய தொழிற்சாலை ஒன்றை வாங்கி, அது மூடிப்போகாமல் காப்பாற்றினார். அந்த மாதிரி ஆள் ஒரு வீட்டுப் பெண்மணி தைத்த பாவாடையைக் கையில் வாங்கி, உள்பக்கத்தைப் பார்த்து, "சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ராணுவ உடை என்றதும் ஆவடிக்காரர்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வந்திருக்கும். ஆவடியில் ஓ.சி.எஃப். எனப்படும் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. எல்லையில் நிற்கும் சிப்பாயின் சீருடை நம் பக்கத்து ஊர் மெஷினில் தைத்தது. கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கான முழு உடல் கவசத்தையும் அங்கே தைத்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வெளிநாட்டுக்கு உடை அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. ஷிஃப்டு முடிந்து வரும் பெண்களால் மாலையில் பஸ் ஸ்டாண்டு நிரம்பும். அந்த வேலை லைன் வேலை. ஒருவர் காலர், ஒருவர் கஃப், ஒருவர் காஜா. மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. ஆயிரக்கணக்கில் காலர் தைத்த கைக்கு, முழுச் சட்டையையும் "இது நான் தைத்தது" என்று சொல்லும் வாய்ப்பு அங்கே கிடையாது.

முழு உடையையும் ஒரே ஆளாகத் தைப்பவர்கள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். கொரட்டூர், திருமுல்லைவாயல், பூந்தமல்லி, எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டு கேட்டில் அட்டை தொங்கும்: பிளவுஸ் தைக்கப்படும், ஓரம் அடித்து ஃபால்ஸ் வைத்துத் தரப்படும். உள்ளே ஜன்னலோரம் ஒரு மெஷின், அதன் முன்னால் ஓர் அக்கா.

அந்த அக்கா ஒரு லைனிங் பிளவுஸ் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அளவு ஜாக்கெட்டை விரித்து, இஞ்ச் டேப் வைத்து, மார்பு, இடுப்பு, தோள்பட்டை, கை இறக்கம் என்று சாக்கட்டியால் குறிக்கிறார். லைனிங் துணியை முன்பே நனைத்துக் காயவைத்திருக்கிறார். இல்லையென்றால் முதல் துவையலிலேயே அது சுருங்கி மேல் துணியை இழுக்கும். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டியைக் குறுக்காகத்தான் வெட்டுவார். நேராக வெட்டினால் வளைவில் படியாது. டாட் பிடித்து, கை ஏற்றி, கொக்கிப் பட்டி வைத்து, கடைசியில் ஹெம்மிங் முழுக்கக் கையால். பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் போட்டு, உள்ளே கொஞ்சம் துணி விட்டிருப்பார். "உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்மா" என்பார். அடுத்த சில வருஷங்களையும் யோசித்துத் தைத்த பிளவுஸ் அது. சூயிங் பீ நடுவர்கள் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் குறை சொல்ல இடமிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் தொலைக்காட்சியில் 2006 முதல் சூப்பர் சிங்கர் நடக்கிறது. 2019-இல் குக் வித் கோமாளி வந்தது. பாட்டுக்கும் சமையலுக்கும் மேடை போட்ட நாம் தையலுக்கும் போட வேண்டும். ஒன்று மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஆசைக்குத் தைப்பவர், பிழைப்புக்குத் தைப்பவர் என்று பிரிட்டனில் போட்ட கோடு இங்கே பொருந்தாது. மகளுக்குப் பாவாடை தைக்கப் பழகியவர்தான் பிறகு தெருவுக்கே தைக்கிறார். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைத்த இலவச மெஷினில் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். தையலில் லோயர், ஹையர் தேர்வு எழுதிவிட்டு வீட்டோடு இருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் அந்த மேடையில் இடம் வேண்டும்.

முதல் வாரம் லைனிங் பிளவுஸ் வைக்கலாம். இரண்டாம் வாரம் பழைய பட்டுச் சேலையில் குழந்தைக்குப் பாவாடை சட்டை. நம் வீடுகளில் காலகாலமாக நடப்பதுதான். மூன்றாம் வாரம் பள்ளிச் சீருடை. நடுவர் நாற்காலியில், ஆவடி தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கத் தைத்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்கார வையுங்கள்.

தொலைக்காட்சி நடத்துபவர்கள் யாராவது இந்தக் காலை நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை யோசியுங்கள். அதுவரை நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை தைத்த துணியை வாங்கப் போகும்போது, அங்கேயே அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். நன்றாக இருந்தால் அதை அந்த அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.