உள்ளே போய்வந்த வீடுகள்

பேஜர் முதலில் நீளமாக ஓர் ஒலி எழுப்பும். அடுத்து டிஸ்பாட்சரின் குரல்: தெரு, கதவு எண், வயது, ஆணா பெண்ணா, என்ன தொந்தரவு. பெயர் சொல்வதில்லை. நியூ ஜெர்சியின் சின்ன ஊர்களில் அதற்குத் தேவையும் இல்லை. தெருவையும் எண்ணையும் கேட்டதுமே பாதி நேரம் யார் வீடு என்று தெரிந்துவிடும்.

பகலில் மென்பொருள் வேலை. வாரத்தில் ஓரிரவு ஊர் ஆம்புலன்ஸ் ஸ்குவாடில் தொண்டு. கூட வருபவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் பிளம்பர், ஒருத்தி கல்லூரி மாணவி. யாருக்கும் சம்பளம் கிடையாது. பார்க்கிறவர்கள் ரத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பயமாக இருக்காதா என்கிறார்கள். அதெல்லாம் பழகிவிடுகிறது. பழகாத விஷயம் ஒன்று உண்டு. நேற்று ராத்திரி தூக்கிவிட்ட மனிதர் இன்று காய்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பார்.

இந்தக் குறிப்புகளில் வரும் எந்த வீடும் ஒரே வீடு அல்ல. பல வீடுகளைக் கலந்துதான் எழுதுகிறேன். காரணம் படிக்கப் படிக்கப் புரியும்.

*

இந்த மாநிலத்தில் தொண்டர்கள் சொந்தக் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம். அழைப்பு வந்தால் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அந்த விளக்கால் சாலை விதிகளில் எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. சிவப்பு விழுந்தால் நின்றுதான் ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. இப்போது சரியென்று படுகிறது. உதவிக்குப் போகிறோம் என்ற நினைப்புக்கு ஒரு திமிர் உண்டு. அது சிக்னலிலேயே கொஞ்சம் அடங்கிவிடுவது நல்லது. வாசலிலும் அதே கதைதான். சுயநினைவோடு, புத்தித் தெளிவோடு இருக்கும் பெரியவர் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் தொடக்கூடாது. ஆபத்தை எடுத்துச் சொல்லலாம், இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பலாம். அழைத்தது அவருடைய மகளாகவே இருந்தாலும் உடம்பு அவருடையது.

*

1736 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தொண்டர் தீயணைப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர் சுமார் முப்பது பேர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும் துணிப்பைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பை, எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிக்கொண்டு வர. சங்க விதிகளில் இன்னொன்றும் இருந்தது: உறுப்பினர்களில் இருவர் வாசலிலேயே நிற்க வேண்டும், சந்தேகத்துக்கு உரியவர்கள் உள்ளே போகாமலும் எதையும் எடுத்துப் போகாமலும் பார்த்துக்கொள்ள.

பிராங்க்ளினுடைய பெயரோடு எத்தனையோ சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்த இருவரைத்தான் பிடித்திருக்கிறது. தீ பிடித்த வீடு திறந்த வீடு. அதற்குள் யாரும் போகலாம், எதையும் பார்க்கலாம், எதையும் எடுக்கலாம். அணைப்பவன் வேறு, காப்பவன் வேறு என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். இன்று வாசலில் நிற்க ஆள் இல்லை. உள்ளே போகிறவனே அந்தக் காவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

எங்களுக்கு வருகிற அழைப்புகளில் சாகசம் குறைவு. கீழே விழுந்துவிட்டவரைத் தூக்கிவிடுவது அடிக்கடி வரும். அடிபட்டிருக்காது. எழ முடியாது, அவ்வளவுதான்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெரியவர். மனைவிக்கும் எண்பது வயதிருக்கும், அவரால் இழுக்க முடியவில்லை. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டால் ‘இப்பத்தான்’ என்கிறார். தரை ஈரமாக இருக்கிறது. துணி ஈரமாக இருக்கிறது. கன்னத்தில் கம்பளத்தின் வரிகள் பதிந்திருக்கின்றன. எவ்வளவு நேரமென்று அந்த வரிகள் சொல்லிவிடும்.

நேரே தூக்கிவிடக் கூடாது. தலை, கழுத்து, இடுப்பு, ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை. தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். எல்லாம் சரியென்றால் உட்கார வைத்து, ஒரு நிமிடம் விட்டு, தலைசுற்றல் இல்லையென்றால் இருவர் இரு பக்கமும் அணைத்து எழுப்ப வேண்டும். எங்கள் பிளம்பர் நண்பர் அதற்குள் பீரோவைத் திறந்து உலர்ந்த பைஜாமா ஒன்றை எடுத்து, பேச்சை நிறுத்தாமலே அவர் மடியில் வைத்துவிடுவார். ‘மாற்றிக்கொள்கிறீர்களா’ என்றுகூடக் கேட்பதில்லை. பேச்சு முழுக்க பேஸ்பால் பற்றி. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அந்தப் பைஜாமா இல்லை.

*

நம்மவர் வீடுகளில் வாசலிலேயே ஒரு சங்கடம் காத்திருக்கும். பூட்ஸைக் கழற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. கண்ணாடித் துண்டு கிடக்கலாம், ரத்தம் கிடக்கலாம். கனத்த பூட்ஸ்கள் பூஜை அறையைத் தாண்டிப் போவதை, வலியோடு படுத்திருக்கும் அம்மா பார்க்கிறார். ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்தவர். மாலையிலிருந்தே நெஞ்சில் ஏதோ செய்கிறது. வாய்வுதான் என்று ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார். நள்ளிரவு தாண்டி வியர்த்துக்கொட்டிய பிறகே மருமகள் கண்டுபிடித்து 911க்கு அடித்திருக்கிறாள்.

நான் தமிழில் பேசியதும் முகம் மலர்கிறது. அடுத்த நொடியே குரலைத் தாழ்த்துகிறார்.

“தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனா எவ்வளவு ஆகும்? புள்ளைக்கு வீண் செலவு வெக்கக் கூடாது.”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. வலி கைக்கு இறங்குதா, தாடைக்கு வருதா, அதைச் சொல்லுங்க.”

“முதுகுலதான் தம்பி. அவன்கிட்ட சாயங்காலம்னு சொல்லாதீங்க. இப்பத்தான்னு சொல்லிடுங்க.”

பெண்களுக்கு மாரடைப்பு முதுகுவலியாகவும் வெறும் அசதியாகவும் வருவதுண்டு. எண்பத்தோரு மில்லிகிராம் ஆஸ்பிரின் நான்கை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, பாராமெடிக்குகளுக்குத் தகவல் சொல்கிறோம். இங்கே அவர்கள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். ஊசி மருந்தும் இசிஜியும் அவர்கள் பொறுப்பு. சாயங்காலம் ஆரம்பித்தது என்பதை அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் முடியாது. அந்த அம்மா அந்தக் கணக்கை மறைத்த காரணத்தை மகனிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சிகிச்சைக்கு வேண்டியது எது, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியது எது என்று படி இறங்குவதற்குள் பிரித்துவிட வேண்டும்.

*

தீயணைப்புப் பக்கத்து நண்பர்களின் வேலை முரட்டு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கோடரி, கடப்பாரை, உடைத்துத் திறப்பது. அவர்கள் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று: உடைக்கும் முன் கைப்பிடியைத் திருகிப் பார். பல கதவுகள் பூட்டாமலே இருக்கும்.

தீ அடங்கிய பிறகும் கூரைக்குள்ளே கனல் இருக்கிறதா என்று மேற்தளத்தைப் பிய்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன், நேரம் இருந்தால், மேசை நாற்காலிகளை நடுவே ஒன்றாகத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களை இறக்கி அதனடியில் வைப்பார்கள். தண்ணீரும் சாந்தும் கொட்டுவது அதன் மேல்தான்.

*

காப்பாற்ற முடியாத இரவுகளும் உண்டு. நெஞ்சை நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்காவது அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுகிறோம். சட்டையைக் கத்தரித்திருப்போம். கடைசியில் பாராமெடிக் தொலைபேசியில் மருத்துவரோடு பேசி, நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே ஒரு வேலை நடக்கும். தரையெங்கும் கிடக்கும் பிளாஸ்டிக் உறைகள், கையுறைகள், ஒட்டும் தாள்கள் எல்லாவற்றையும் பொறுக்குவோம். போர்வையைக் கழுத்துவரை இழுத்து விடுவோம். நகர்த்திய சோபாவைத் தள்ளி வைப்போம். குடும்பம் அந்த அறைக்குள் வரும்போது அங்கே அவர்களுடைய மனிதர் இருக்க வேண்டும். நாங்கள் செய்ததன் மிச்சங்கள் இருக்கக் கூடாது.

*

வீட்டில் மனைவி கேட்பது ஒன்றுதான்: “சாப்பிடுறீங்களா?” யார் வீடு என்று கேட்பதில்லை. பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் விளக்கைப் பார்த்திருப்பாள், இருந்தாலும் கேட்பதில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. சட்டம் வாயைக் கட்டும். முகத்தை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கடை வரிசையில் அந்தப் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். தெரிந்தவராகச் சிரித்தால் சிரிக்கலாம். தெரியாதவராகப் பார்வையைத் திருப்பிக்கொண்டால் நானும் தக்காளியைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். தெரிவு அவருடையது. சிலர் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். சிலர் அடுத்த முறை வேறு வரிசைக்குப் போவார்கள். முன்பு இரண்டாவது வகை கொஞ்சம் வலித்தது. விழுந்து கிடந்ததைப் பார்த்த கண்களை மறுபடி சந்திக்க எல்லோருக்கும் தெம்பு இருக்காது. வேறு ஊரிலிருந்து சம்பளத்துக்கு வந்து போகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தொண்டர் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் சீக்கிரம் வந்து சேர்கிறார், அதனாலேயே எளிதில் மறைய முடிவதில்லை. மறக்கத் தெரிந்தவராக, குறைந்தபட்சம் மறந்தவராக நடக்கத் தெரிந்தவராக, அவர் இருக்க வேண்டியிருக்கிறது.

*

இத்தனை வீடுகளைப் பார்த்த பிறகு சொல்லத் தோன்றுவது கொஞ்சம்தான். நெஞ்சில் வலி என்றால் முதலில் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு வாசல் விளக்கைப் போடுங்கள், தாழ்ப்பாளை நீக்குங்கள், நாய் இருந்தால் வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். கூடத்தைக் கூட்ட வேண்டாம். புடவை மாற்ற வேண்டாம். ஆள் வருவதற்குள் வீட்டைச் சரிசெய்துவிடலாமென்று அழைப்பையே தள்ளிப்போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாத்திரம் தொட்டியில் கிடந்தால் கிடக்கட்டும். வெளியே வந்ததும் எங்களுக்கு அது ஞாபகம் இருக்காது.