தடையின்மை மட்டுமே சுதந்திரமாகுமா?

சுதந்திரம் என்னும் சொல்லை நாம் எளிதாக வழங்குகின்றோம். அதன் பொருளை ஆராய்வோர் சிலரே. சிறையினின்று வெளிவருதலும் சுதந்திரம், வாக்குரிமை பெறுதலும் சுதந்திரம், ஆசையை வெல்லுதலும் சுதந்திரம் என்கின்றோம். ஒரு சொல் இத்தனை பொருளைச் சுமக்குமாயின், 'உங்களுக்குச் சுதந்திரம் அளித்துவிட்டோம்' என்று பிறர் கூறும்போது, நாம் பெற்றது எது, பெறாதது எது என்று அறிதல் அரிதாகும். பெறாததைப் பெற்றதாக எண்ணி அமைந்துவிடுதல், நெடுங்காலம் அடிமைப்பட்டிருந்த மக்களுக்குப் பெருங்கேடு. ஆதலின், அரசியல் அறிஞர் இதனை எங்ஙனம் பகுத்தனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, தடையின்மை. ஒருவன் செய்ய விரும்புவதைப் பிறர் குறுக்கிட்டுத் தடுக்காதிருத்தலே சுதந்திரம் என்பது இக்கொள்கை. இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளியிட்ட நூலில், புறத்தடை இல்லாமையையே சுதந்திரம் என வரையறுத்தார். 1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில், பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவனது வாழ்வில் அரசு தலையிடலாகாது என வாதித்தார். அரசு மட்டுமன்றி, சமூகத்தின் வழக்கமும் மனிதனை நசுக்கவல்லது என்று அவர் எச்சரித்தார். சாதிக் கட்டுப்பாட்டில் உழன்ற நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

இரண்டாவது, தன்னாட்சி. தடை நீங்கினால் மட்டும் போதாது. தன் வாழ்வைத் தானே நடத்தும் ஆற்றலும், தன்னை ஆளும் சட்டத்தை ஆக்குவதில் பங்கும் வேண்டும் என்பது இதன் கருத்து. 1958-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் ஐசாயா பெர்லின் இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டினார். 'உன் உண்மை நலத்தை உன்னினும் நான் அறிவேன்' என்று கூறி, விடுதலையின் பெயராலேயே மக்களைக் கட்டாயப்படுத்துவோர் தோன்றக்கூடும் என்ற ஆபத்தையும் அவர் சுட்டினார்.

மூன்றாவது, ஆதிக்கமின்மை. பண்டைய உரோமானியச் சிந்தனையில் வேரூன்றிய இதனை, 1997-இல் பிலிப் பெட்டிட் என்னும் அறிஞர் புதுப்பித்து விளக்கினார். நல்ல எசமானிடம் ஓர் அடிமை இருக்கின்றான் என்று கொள்வோம். எசமான் அடிப்பதில்லை, எதையும் தடுப்பதுமில்லை. எனினும், நாளை அவர் மனம் மாறினால் அடிமைக்குப் புகலிடமில்லை. அதனால் அவன் எப்போதும் அவர் முகம் நோக்கியே வாழ்கின்றான். இவனைச் சுதந்திரன் எனலாமோ? ஆகாது. பிறர் தயவில் நிற்கும் சுதந்திரம் சுதந்திரமன்று என்பதே இம்மூன்றாம் கொள்கையின் சாரம்.

இவ்வேறுபாடுகள் ஏட்டுக் கல்வி மட்டுமல்ல என்பதற்கு மஹாட் நகரத்துச் சவுதார் குளமே சான்று. பொதுநீர் நிலைகள் அனைவர்க்கும் உரியன என்று 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. 1924-இல் அந்நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. சட்டத்தின் தடை நீங்கிற்று. ஆனால் ஊராருக்கு அஞ்சி ஒருவரும் நீர் அருந்த இயலவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதென்று சாதி இந்துக்கள் சடங்கு செய்தனர். நகராட்சியும் தன் தீர்மானத்தை விலக்கிக்கொண்டது. உயர்நீதிமன்றத்தில் இறுதி வெற்றி கிட்டியது 1937-இல்தான். ஒருவர் அளித்ததை அவரே பறிக்கக் கூடுமாயின், அது உரிமையன்று, சலுகையே.

இனி நம் சொந்த வரலாற்றை நோக்குவோம். நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை அனைவர்க்கும் அளிக்கின்றது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றபோது எச்சட்டமும் தடுக்கவில்லை. ஆனால், 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி, பௌத்தராகப் பதிந்தவர் அப்பட்டியலினின்று நீங்கினார். 1990-இல் சட்டம் திருத்தப்படும்வரை இந்நிலை நீடித்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள், பிள்ளையின் படிப்புச் சலுகையும் வேலைவாய்ப்பும் ஒருபுறம், மனச்சாட்சி மறுபுறம் என நம்மவர் நிறுத்தப்பட்டனர். வீட்டில் பஞ்சசீலம் ஓதி, ஏட்டில் வேறு மதம் எழுதியவர்கள் பலர். அவர்களைக் கோழைகள் என்று பழித்தல் நமக்குத் தகாது. மனச்சாட்சிக்கு அத்தகைய விலை வைத்த ஏற்பாடே குற்றமுடையது. கிறித்தவராகவும் முகம்மதியராகவும் மாறிய ஒடுக்கப்பட்டோர்க்கு இத்திருத்தம் இன்றும் எட்டவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆனால் நம்மைப் பொறுத்தமட்டில் அவ்வச்சத்திற்குச் சட்டத்தில் இன்று இடமில்லை. இனியும் பழக்கத்தினால் மட்டுமே மறைந்து வாழ்வோமாயின், அதற்கு நாமே பொறுப்பாளிகள்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியினின்று கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாகப் பாபாசாகேப் 1954-இல் வானொலி உரையில் தெரிவித்தார். இதன் பொருள் ஆழமானது. கேசபுத்த நகரத்துக் காலாமர்களிடம் பகவன், மரபு என்பதாலோ, நூலில் உள்ளது என்பதாலோ, ஆசிரியர் கூற்று என்பதாலோ ஒன்றை ஏற்க வேண்டா, ஆராய்ந்து நன்மை தீமை அறிந்து கொள்க என்று போதித்தார். தம் சொல்லையும் அச்சோதனைக்கு உட்படுத்திய ஆசான் அவர். சங்கத்திலோ, கருத்து வேறுபட்டவிடத்துக் குச்சிகளைக் கொண்டு வாக்கெடுக்கும் முறை விநயத்தில் விதிக்கப்பட்டுள்ளது. தடையற்ற சிந்தனையும், தன்னாட்சியும், ஒருவர் தயவில் நில்லாமையும் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன.

ஆகவே, பிறரிடம் நாம் கேட்கும் சுதந்திரம் நம் இல்லத்திலும் சங்கத்திலும் நிலவுகின்றதா என்று வினவுதல் நம் கடமை. மனைவி கணவனின் முகம் பார்த்தே பேசும் வீட்டில், அவன் எவ்வளவு நல்லவனாயினும், அவள் சுதந்திரமுடையவள் அல்லள். மூத்தோரை எதிர்த்து ஓர் இளைஞன் ஐயம் எழுப்ப அஞ்சும் விகாரையில் காலாமர்க்குச் செய்த உபதேசம் ஓதப்படலாம், வாழாது. வீட்டுக் கணக்கில் பெண்ணுக்குச் சம உரிமையும், சங்கக் கூட்டத்தில் இளையோர்க்கு வாக்கும், பதவிக்குக் காலவரையறையும் வேண்டும். இவை யாருடைய பெருந்தன்மையாலும் வருவனவாக இராமல், எழுதிய விதியாக இருத்தல் வேண்டும். அத்தகைய விதியை நமக்கு நாமே வகுத்து அதன்படி ஒழுகுவோமாக.