ஆற்றங்கரையிலும் அளவு

நீர் அரிதாக உள்ள இடத்தில் அதனை வீணாக்குவது தவறு என்பதை எவரும் மறுப்பதில்லை. பாலைவழிப் பயணத்தில் ஒரு தோற்பை நீரைக் கொட்டிவிடுபவனை உடன் செல்வோர் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் கரைபுரண்டு ஓடும் ஓர் ஆற்றின் ஓரத்தில் ஒருவன் அமர்ந்து, அள்ளி அள்ளித் தன் கைகால்களில் ஊற்றிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஊற்றிய நீர் வழிந்து அதே ஆற்றிற்குத் திரும்புகிறது. ஆறு குறையவில்லை. எவருடைய பங்கும் பறிபோகவில்லை. கீழ்மடையில் வயல் வைத்திருப்பவனுக்கு ஒரு துளியும் நட்டமில்லை. அவன் செய்தது தவறாகுமா? தவறு எனில், அது யாருக்கு இழைத்த தவறு?

இக்கேள்வி ஏட்டளவில் பிறந்ததன்று. தோழர் ஸஅத் (ரலி) அவர்கள் ஒளுச் செய்துகொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவர் நீரை மிகுதியாகச் செலவிடுவதைக் கண்டு கண்டித்தார்கள். வணக்கத்திற்கான தூய்மையிலுமா விரயம் என்ற ஒன்று உண்டு என அவர் வியந்தார். ஓடும் ஆற்றின் கரையிலிருந்து செய்தாலும் விரயம் விரயமே என்னும் கருத்தில் அண்ணலார் விடை பகர்ந்தார்கள். இப்னு மாஜாவில் வரும் இச்செய்தியின் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்று அல்பூஸீரீ (ரஹ்) குறிப்பிட்டுள்ளதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் இதன் கருத்து தனித்து நிற்கவில்லை. அண்ணலார் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளுவும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்’ வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி. உறுப்புகளை மும்முறைக்கு மேல் கழுவுவதை அத்துமீறல் என அவர்கள் கூறியது அபூதாவூதில் உள்ளது.

ஒரு ‘முத்’ என்பது எவ்வளவு? ஷாஃபியீ அறிஞர்களின் கணக்கில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஹனஃபீ கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்நீரைக் கொண்டு முகம், கை, கால் அனைத்தும் கழுவப்பட்டன. இதனைப் படிக்கும் அன்பர்கள் ஒருமுறை ஒரு லிட்டர்ப் பாத்திரத்தில் நீர் மொண்டு ஒளுச் செய்து பார்க்க வேண்டுகிறேன். முதல் நாள் போதாது. நான்காம் நாள் மிச்சமிருக்கும்.

ஆற்றங்கரைக் கேள்விக்கு வருவோம். ‘எவருக்கும் தீங்கில்லையேல் குற்றமில்லை’ என்பது இன்றைய உலகில் பலரும் ஒப்புக்கொண்டிருக்கும் அறம். அவ்வறத்தின்படி ஆற்றோரம் அமர்ந்தவன் குற்றமற்றவன். இதற்கு மறுமொழியாகச் சிலர், ‘ஆற்றங்கரையில் பழகிய கை குடத்தடியிலும் அப்படியே ஊற்றும், ஆதலால் எங்கும் அளவைப் பழக வேண்டும்’ என்பர். இது நல்ல மறுமொழியே. ஆயினும் பாதி மறுமொழிதான். பஞ்சம் வரும் என்ற அச்சத்திற்காகவே சிக்கனம் என்றால், பஞ்சம் நீங்கியதும் அச்சிக்கனமும் நீங்கிவிடும். நம் கண்ணெதிரே நிகழ்ந்ததைப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை மாநகர் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதே மாநகரின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகள் கொண்ட தொடர்வண்டியில் 25 லட்சம் லிட்டர் நீர் வந்து இறங்கியது. அக்கோடையில் குடத்தை எண்ணி எண்ணிச் செலவிட்ட வீடுகளில், அடுத்த பெருமழைக்குப் பின் எத்தனை வீடுகள் எண்ணின? அச்சம் கற்பித்த பாடம் அச்சத்தோடு போய்விட்டது.

ஆற்றங்கரைத் தீர்ப்பின் உயிர்நிலை வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு செயலுக்கு ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கம் நிறைவேறும் வரையில் செலவாகும் நீர் பயன்படுகிறது. அதற்கப்பால் செலவாகும் நீருக்குக் காரணம் எதுவும் இல்லை. காரணமின்றி ஓர் அருட்கொடையைக் கையாள்வது, அதனை ஒன்றுமில்லாத பொருளாக மதிப்பதாகும். குறை ஆற்றில் ஏற்படவில்லை. ஊற்றுகிறவனின் மதிப்பீட்டில் ஏற்படுகிறது. நீரை அருளாகக் காண்பவன் அதன் மிகுதியைக் கண்டு அளவை விடுவதில்லை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறையும் இம்மதிப்பீட்டிலிருந்து எழுந்ததே என்று கொள்ளலாம்.

நம் சட்டநூலார் இதனை எவ்வளவு நுணுக்கமாகப் பகுத்தனர் என்பது வியப்பிற்குரியது. கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்வது தடுக்கப்பட்டதே என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். அத்தடை வெறுக்கத்தக்கது என்னும் தரத்தினதா, ஹராம் என்னும் தரத்தினதா என்பதில்தான் கருத்து வேற்றுமை. வெறுக்கத்தக்கது என்பதையே அவர்கள் வலுவானதாகக் கொண்டார்கள். ஆனால் நீர் வக்ஃபு செய்யப்பட்டதாக இருந்தால் நிலை மாறிவிடுகிறது. கி.பி. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இயற்றிய ஃபத்ஹுல் முஈன் நம் ஷாஃபியீ மதரஸாக்களில் இன்றும் பாடநூல். ஒளுவுக்கென வக்ஃபு செய்த நீரில் மும்முறைக்கு மேல் கழுவுவது ஹராம் என்று அந்நூல் உரைக்கிறது. ஹனஃபீகளிடையே ஃபத்வா எழுதுவோர் கையில் என்றும் இருக்கும் துர்ருல் முக்தாரும் அவ்வாறே தீர்ப்பளித்து, மதரஸாக்களின் நீரும் இவ்வகையைச் சேர்ந்ததே எனப் பெயர் சுட்டிச் சொல்கிறது. இவ்வரியை எடுத்துக்காட்டும்போது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது வழக்கம். மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் டமாஸ்கஸில் எழுதியவர் தங்கள் குழாயடியை எப்படிக் கண்டார் என்ற வியப்புச் சிரிப்பு அது.

இன்று நம் பள்ளிவாசல்களில் ஓடும் நீர் எவ்வகை? யாரோ ஒருவர் மறைந்த தம் பெற்றோருக்கு நன்மை சேரட்டுமென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக் கொடுத்திருக்கிறார். வேறொருவர் மோட்டார் வாங்கித் தந்தார். மின் கட்டணத்தை ஜமாஅத் செலுத்துகிறது. அதில் தினக்கூலி பெறுவோரின் சந்தாவும் அடக்கம். இது ஆற்று நீரன்று, பிறர் பொருள். கொடுத்தவர் ஒளுவுக்காகக் கொடுத்தார், சாக்கடைக்காகக் கொடுக்கவில்லை. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்ட வாசகத்தின் நிலையில் வைத்து மதிக்கப்படும் என்ற விதியை ஓதாத ஆலிம் இல்லை. எனில், தொழுகைக்குச் செல்லும் வாயிற்படியிலேயே, தூய்மை என்ற பெயரில், ஹராமான ஒன்றை நாள்தோறும் ஐந்து நேரம் செய்துகொண்டிருக்கிறோமா என்பதை நாம் அஞ்சிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஒரு கணக்குப் பார்ப்போம். முழுதும் திறந்த சாதாரணக் குழாய் நிமிடத்திற்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கொட்டும். ஐயமுள்ளவர் வாளியை வைத்து அளந்துகொள்ளலாம். குழாயை மூடாமல் இரண்டு நிமிடம் ஒளுச் செய்பவர் குறைந்தது 12 லிட்டர் செலவிடுகிறார். ஒரு பள்ளியில் நாளொன்றுக்கு 300 பேர் ஒளுச் செய்வதாகக் கொண்டால் 3,600 லிட்டர். தலைக்கு இரண்டு லிட்டர் என்று தாராளமாகவே அளந்தாலும் 600 லிட்டர் போதும். எஞ்சிய 3,000 லிட்டர் எந்த உறுப்பையும் கழுவாமல் போகிறது.

பழைய பள்ளிகளின் ஹவுளில் இத்தொல்லை இல்லை. ஷாஃபியீகள் இரண்டு ‘குல்லத்’ அளவும், ஹனஃபீகள் பத்து முழச் சதுரமும் கணக்கிட்டுக் கட்டிய அத்தொட்டிகளில், கையால் மொள்ளுவதே முறை. கை கொள்ளுமளவுதான் நீர் வரும். கை நின்றால் நீரும் நிற்கும். இதனைச் சொல்வதால், ஹவுளுக்கே திரும்ப வேண்டுமென்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். பராமரிப்பில்லாத ஹவுளில் பாசி படர்ந்ததும் நோய்க்கு அஞ்சிக் குழாய் வைத்ததும் நியாயமே. ஆனால் ஹவுளில் இருந்த அளவு குழாயில் இல்லை; அதனை நாம்தான் வைக்க வேண்டும். குழாயின் உள்ளே உள்ள திருகடைப்பைக் குறைத்து வைத்தால் நீர் மெல்லிய தாரையாக வரும். இடத்திற்கொரு சிறு குவளை வைக்கலாம். ஒவ்வோர் உறுப்பிற்கும் இடையே குழாயை மூடுவது எல்லாவற்றிலும் எளிது, செலவும் இல்லை. நொடிக்கொரு சொட்டாகக் கசியும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரைத் தின்கிறது. அதன் வாஷரை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறிது.

நீரை மிகுதியாக ஊற்றுவோர் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். ‘நனைந்ததா, இல்லையா’ என்ற ஐயத்தினால் மீண்டும் மீண்டும் ஊற்றுவோர் உளர். வஸ்வாஸ் எனப்படும் இவ்வூசலாட்டத்தை ஷைத்தானின் வலை என்று இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) தமது தல்பீஸு இப்லீஸில் விரிவாகக் கண்டித்துள்ளார்கள். புறத்தூய்மையில் மட்டும் மிகை காட்டி அகத்தூய்மையை மறந்தவர்களைக் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் சாடுவதும் இத்தகையோரை நோக்கியே. இவர்களிடம் கடுமை பயனளிக்காது. அண்ணலாரின் அளவைச் சொல்லி, அதற்கு மேல் தேவையில்லை என்ற மன உறுதியை ஊட்ட வேண்டும். பேணுதல் என்று அவர்கள் கருதுவது உண்மையில் பேணுதலுக்கு எதிரானது.

இனி, ஆறே இல்லாத நிலையையும் எண்ண வேண்டும். ஒருவர் கிணற்றுக்கு அருகே, அதன் ஊற்று வற்றும்படி மற்றொருவர் கிணறு தோண்டக் கூடாது என்பதற்காக நம் சட்டநூல்களில் ‘ஹரீம்’ என்னும் காப்பெல்லை வகுக்கப்பட்டது. கால்நடைக்கு நீரிறைக்கும் கிணற்றுக்கு நாற்பது முழம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கையாலும் கபிலையாலும் இறைத்த காலத்து அளவு அது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் மோட்டாரை இறக்கி இரவு பகலாக இறைக்கும்போது அவ்வெல்லை பொருளற்றுவிடுகிறது. முழக்கணக்கு மாறலாம், பக்கத்தவன் நீரைப் பறிக்காதே என்னும் காரணம் மாறாது. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி இன்று நிலத்தடி நீரையே முதலில் சுட்டுவதாகக் கொள்ள வேண்டும்.

நம் சமுதாயம் செறிந்து வாழும் கடலோர ஊர்களில் இது மேலும் கடுமையாகிறது. மணற்பாங்கான கரையில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது இயற்பியல் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரக் காத்திருக்கிறது. ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீள்வதில்லை. தாராளமாக ஊற்றுகிறவன் தன் பள்ளியின் நீரை மட்டுமன்றி, அடுத்த தெருவில் உள்ள கைம்பெண்ணின் கிணற்றையும் தொடுகிறான். ஆற்றங்கரையில் எவருக்கும் தீங்கில்லை என்று சொல்லத் துணிந்த வாதம் இங்கே வாய் திறக்க இயலாது.

‘ஆலைகள் லட்சக்கணக்கில் உறிஞ்சுகின்றன, ஒளுச் செய்யும் ஏழையிடமா கணக்குக் கேட்கிறீர்?’ என்று சிலர் கேட்பது என் செவிக்கு எட்டுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு. பள்ளிகள் அனைத்தும் சிக்கனம் காத்தாலும் ஓர் ஏரி நிரம்பாது. ஆலைகளின் கணக்கைக் கேட்கத்தான் வேண்டும். நீர் உறிஞ்சுவதற்கும் கழிவைக் கொட்டுவதற்கும் ஒருசேரக் கேட்க வேண்டும். அவ்வாலைகளில் சில நம்மவருடையவை என்பதனால் குரல் தாழ வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவன் ஹராம் பெரிது என்பதனால் என்னுடையது சிறிதாவது எந்த மத்ஹபிலும் இல்லை.

ஒளுவில் கழிந்த நீரைப் பற்றியும் ஒரு சொல். ‘முஸ்தஃமல்’ எனப்படும் அந்நீர் தூய்மையானது, ஆனால் மற்றொரு முறை தூய்மையாக்கப் பயன்படாது என்பதே ஷாஃபியீ மத்ஹபிலும் ஹனஃபீகள் ஃபத்வாவுக்குக் கொண்ட கருத்திலும் முடிவு. எனவே அதனை மரத்திற்குப் பாய்ச்சுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சவர்க்காரம் கலவாததால் செடிக்கும் கேடில்லை. சாக்கடையில் கலக்கும் வீட்டு நீரையே தக்க முறையில் சுத்திகரித்து, அதன் நிறமும் சுவையும் மணமும் இயல்புக்குத் திரும்பினால் ஒளுவுக்கும் பயன்படுத்தலாம் என்று 1978ல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் அவை முடிவு செய்தது. அவ்வளவு தூரம் செல்ல நமக்குத் தேவை எழவில்லை. கழிப்பிட வாய்க்காலோடு கலக்காமல் ஒளுவின் வாய்க்காலைத் தனியே பிரிப்பதொன்றே போதும். மணலும் சரளையும் இட்ட குழியில் அதனை இறக்கினால் கிணற்றடிக்கே திரும்பும். 2003ல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது பல பள்ளிகளிலும் குழி அமைத்தார்கள். அக்குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்பதை முத்தவல்லிமார் சென்று பார்க்கலாம். 2,000 சதுர அடி மேல்தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,000 லிட்டர் இறங்கும். அதாவது, மேலே கண்ட கணக்கில் 600 லிட்டர் வீதம் பதினைந்து நாள் ஒளுவுக்கான நீர்.

மக்தபில் ஒளுவின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு அளவையும் சேர்த்துக் கற்பிக்கலாம். எங்கள் மதரஸாவில் ஒரு லிட்டர்க் குவளையில் கோடு கிழித்து, அக்கோட்டிற்குள் ஒளுவை முடிக்கச் சொல்வதுண்டு. எட்டு வயதுச் சிறுவர்கள் அதனை விளையாட்டாகக் கொண்டு, யார் குவளையில் மிச்சம் அதிகம் என்று ஒப்பிடுகிறார்கள். மிச்சத்தை முற்றத்து வேம்பின் அடியில் ஊற்றும் உரிமை வென்றவனுக்கு.