மணல்முனையும் காயலும்

காயல்பட்டினத்துச் சதுக்கைத் தெருவிலோ கொச்சியார் தெருவிலோ ஒரு வீட்டில் அமர்ந்து, மகன் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தால், "ஹாங்காங்கில், சிம் ஷா சுய்யில்" என்ற விடை வெகு இயல்பாக வரக்கூடும். இரத்தின வியாபாரத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர்களின் ஊராதலால், அந்தக் கான்டனீயப் பெயர் அடுத்த தெருவின் பெயரைப்போல் இங்கே பழகிவிட்டது. பொருள் அறியாமலே அதைச் சொல்லும் உம்மாவுக்கு அது மகன் தொழுகிற பள்ளி இருக்குமிடம். 1896-இல் இந்திய முஸ்லிம் படைவீரர்களுக்காக எழுப்பப்பட்டு, 1984-இல் புதுக்கட்டடம் பெற்ற கௌலூன் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது.

'சிம்' என்றால் கூர்மை, 'ஷா' மணல், 'சுய்' வாய், அல்லது அலகுபோல் நீண்ட நிலமுனை. கௌலூன் தீபகற்பத்தின் தென்கோடியில் கடலுக்குள் நீண்டிருந்த மணல்முனையைக் கண்டவர்கள் இட்ட காரணப்பெயர் அது. பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலம் விரித்தார்கள்; முனை மறைந்தது. அவ்வூர்ச் சீனர்கள் பேச்சில் நடுச்சொல்லை விட்டுச் 'சிம் சுய்' என்றும் சுருக்கிக் கூறுவதுண்டு. கரையைவிட்டு நீங்கிய மணல் பெயரைவிட்டும் உதிர்கிறதே என்று எண்ணுகையில் என் நெஞ்சம் கனக்கிறது.

காரணம் அழிந்த காரணப்பெயரை இனி என்னவென்று சொல்வது? நன்னூலார் வகுத்த இடுகுறியாக அது மாறிவிட்டதா? சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் நித்தியம் என்று மீமாம்சகர் சாதித்தனர். சங்கேதமே என்று நையாயிகர் மறுத்தனர். இறைவன் ஆதம் நபிக்குப் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான் என்னும் திருக்குர்ஆனின் செய்தியை ஆதாரமாகக் கொண்டு, மொழி இறைவன் அருளியது என்று உலமாக்களில் ஒரு சாராரும், மனிதர் தமக்குள் இசைந்து அமைத்தது என்று மற்றொரு சாராரும் வாதித்தனர். எனக்கோ அச்செய்தியில் வேறொன்று முதன்மையாகப் படுகிறது: பெயர்கள் பொருள்களின்மேல் பொறிக்கப்படவில்லை, ஒரு மனிதனுக்குக் கற்பிக்கப்பட்டன. ஆகவே பொருள் கரைந்தாலும் பெயர் கரைவதில்லை; அது நம்மிடம் அமானிதமாக இருக்கிறது.

நம் ஊரின் கதையும் இதுவே. காயல் என்பது கடலை அடுத்த கழி. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து விலக்கியது. பின்னர்ப் பழையகாயலையும் விலக்கியது. மார்க்கோ போலோ போற்றிய துறைமுகம் பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிபு. குதிரைகளோடு மரக்கலங்கள் வந்த துறை போயிற்று. காயல் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

சிம் ஷா சுய்யில் வளரும் குழந்தைக்கு அதன் உம்மா, "நம்ம ஊர் காயல்" என்று சொல்லிக்கொடுக்கிறார். குழந்தை அக்கழியைக் கண்டதில்லை. மரக்கலங்கள் வந்த காயலை உம்மாவும் கண்டதில்லை. ஆயினும் குழந்தை அச்சொல்லைத் திருப்பிச் சொல்கிறது.